பூட்டன் எந்த ஊரிலிருந்து வந்தார்?

கேள்வி: பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தோட்டத்தில் பிறந்து, இப்போது ஹட்டனில் ஆசிரியையாக இருக்கிறேன். தாத்தா 1926ஆம் ஆண்டளவில் இங்கேயே பிறந்தவர். அவருடைய அப்பா, அதாவது எங்கள் பூட்டன், இந்தியாவில் எந்த ஊர் என்று வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. ‘திருச்சிப் பக்கம் ஏதோ பட்டி’ என்பது மட்டும்தான் அப்பாயிக்கு நினைவிருக்கிறது. 1958இல் பிறந்த அப்பாவின் பிறப்புச் சான்றிதழ், தாத்தாவின் பிரஜாவுரிமைச் (குடியுரிமைச்) சான்றிதழ், அப்பாயியின் டிரங்குப் பெட்டியில் கிடந்த, எண் குத்திய வட்டத் தகரத் துண்டு ஒன்று ஆகியவை கையில் இருக்கின்றன. தாத்தாவின் தம்பிக்குப் பிரஜாவுரிமை கிடைக்கவில்லை. அவர் குடும்பத்தோடு 1973இல் இந்தியா போய், இப்போது பிள்ளைகள் கோத்தகிரியில் இருக்கிறார்கள். கொழும்புச் சுவடிகள் கூடத்தில் கப்பலில் வந்தவர்களின் பட்டியல் இருக்கும், அதில் பூட்டன் பெயரைத் தேடலாம் என்று ஒருவர் சொன்னார். லீவு போட்டுக்கொண்டு போகலாமா?

பதில்: அன்புள்ள வாசகிக்கு,

அந்தப் பட்டியலை நம்பி லீவு போட வேண்டாம். மொரிஷியஸ், பிஜி, நேட்டால் போன்ற இடங்களுக்குப் போனவர்கள் ஒப்பந்தக் கூலிகளாகப் பதியப்பட்டுப் போனார்கள். ஆளுக்கொரு குடியகல்வுச் சீட்டு எழுதப்பட்டது. பெயர், தகப்பன் பெயர், ஊர், தாலுகா, வயது, உடம்பிலுள்ள தழும்புகூட அதில் இருக்கும். அந்த நாடுகளில் உள்ளவர்கள் ஒரு நாளில் ஊரைக் கண்டுபிடித்துவிட்டதாகச் சொல்வது இதனால்தான். இலங்கைக்கு வந்த நம்மவர்கள் அந்த ஒப்பந்த முறைக்குள் வரவில்லை. தோட்டத்துக் கூலிகளின் தலைவரான கங்காணி ஊருக்குப் போய் முன்பணம் கொடுத்து ஆள் திரட்டினார். அரசாங்கத்தின் ஏட்டில் அல்ல, கங்காணியின் கணக்கிலும் தோட்டத்தின் செக்ரோல் என்ற பேர்ப் பதிவேட்டிலும்தான் பெயர் ஏறியது. ஆரம்பகாலத்தில் பாக்குநீரிணையைத் தோணியில் கடந்து, மன்னார்க் கரையிலிருந்து மாத்தளை வரை காட்டுவழியே நடந்து வந்தவர்களுக்குப் பயணிகள் பட்டியல் ஏது? 1914இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பல் ஓடத் தொடங்கிய பிறகும், பெயர் சொல்லித் தேடக்கூடிய பொதுப் பட்டியல் ஒன்றை எதிர்பார்த்துக் கொழும்புக்குப் போவது வீண் அலைச்சல்.

நமக்கு வழி எதிர்ப்பக்கமாக இருக்கிறது. இந்தியாவிலிருந்து முன்னோக்கி வரக்கூடாது, உங்கள் வீட்டிலிருந்து பின்னோக்கிப் போக வேண்டும். அப்பாவிலிருந்து தாத்தாவுக்கு, தாத்தாவிலிருந்து பூட்டனுக்கு. ஒவ்வொரு படியையும் ஒரு கடதாசியால் உறுதிப்படுத்திய பிறகே அடுத்த படி. உங்கள் பூட்டனின் ஊர்ப்பெயர் எழுதப்பட்டிருக்கக்கூடிய இடங்களில் முதலாவது பிரஜாவுரிமைக் கோப்பு, இரண்டாவது கோத்தகிரி. சுவடிகள் கூடம் அதற்குப் பிறகுதான்.

கையிலுள்ள அப்பாவின் பிறப்புச் சான்றிதழை முதலில் மேசையில் விரியுங்கள். பிறந்த இடம் என்ற கூட்டில் தோட்டத்தின் பெயரோடு டிவிசன் பெயரும் இருக்கிறதா என்று பாருங்கள். மேல்கணக்கு, கீழ்க்கணக்கு என்று நாம் வாயால் சொல்வது அங்கே ஆங்கிலத்தில் வேறு பெயராக இருக்கும். தகப்பனின் பிறந்த இடம் என்ற கூட்டில் இருப்பது தாத்தா பிறந்த தோட்டம். இன்றைக்கு நீங்கள் ‘எங்கள் தோட்டம்’ என்று சொல்வது அதுவாக இருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். அந்தக் காலத்தில் கங்காணியோடு சேர்ந்து முழு ஆள்கட்டும் தோட்டம் மாறியது சாதாரணம். தகவல் கொடுத்தவர் என்ற இடத்தில் தோட்டத்துரையின், அதாவது தோட்ட நிர்வாகியின், கையெழுத்தோ பதவிப் பெயரோ இருந்தால் ஆச்சரியப்பட வேண்டாம். தோட்டத்தில் நடக்கும் பிறப்பைப் பெற்றோர் துரையிடம் அறிவிக்க, அவர் மாவட்டப் பதிவாளருக்கு அறிக்கை அனுப்புவதுதான் சட்டம் வகுத்த ஒழுங்கு. பெயரைச் சொன்னது உங்கள் அப்பாயி, எழுதியது ஆபிஸ் கிளாக்கர், படி எடுத்தது பதிவாளர். மூன்று கை மாறியதில் பெயர் மாறியிருக்கும்.

பெற்றோர் விவாகமானவர்களா என்ற கேள்விக்கு ‘இல்லை’ என்று இருந்தால் மனம் நோக வேண்டாம். கோயிலில் தாலி கட்டி, ஊர் கூடிச் சாப்பிட்டுப் போன கலியாணம் பதிவாளரின் புத்தகத்தில் ஏறவில்லை என்பது மட்டுமே அதன் அர்த்தம். தோட்டங்களில் பெரும்பாலான கலியாணங்கள் அப்படித்தான். ஆகவே தாத்தாவின் விவாகப் பதிவைத் தேடி நாளைக் கடத்த வேண்டாம்.

இலங்கையின் பிறப்புச் சான்றிதழில், பாட்டன் இலங்கையில் பிறந்தவராயின் அவரது முழுப்பெயர், பிறந்த ஆண்டு, இடம் எவை என்று ஒரு கூடு உண்டு. பூட்டனுக்கும் அதுபோல ஒன்று உண்டு. அப்பாவின் சான்றிதழில் பாட்டன் என்பது உங்கள் பூட்டனைத்தான். வேறு நாட்டுக்காரர்கள் இதைப் பார்த்தால் வியப்பார்கள். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம், தகப்பன் இங்கே பிறந்தவரா, இல்லாவிட்டால் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்தவர்களா என்று கேட்டது. அந்தக் கேள்வியின் தடம்தான் இந்தக் கூடுகள். நம் சனத்தை வெளியே தள்ளக் கேட்கப்பட்ட கேள்வி, இன்று மூன்று தலைமுறையின் பெயரை ஒரே தாளில் தரவும் கூடும். கூடு வெறுமையாக இருந்தால் இரண்டு காரணம் இருக்கலாம். அவர் இங்கே பிறக்கவில்லை, அல்லது எழுதியவர் கேட்கவில்லை. வெறுமையைச் சான்றாக எடுக்காதீர்கள்.

அடுத்து தாத்தாவின் 1926ஆம் ஆண்டுப் பதிவு. பிரதேச செயலகத்தில் உள்ள மேலதிக மாவட்டப் பதிவாளர் பிரிவில் விண்ணப்பிக்க வேண்டும். பதிவு இலக்கமும் திகதியும் தெரிந்தால் வேலை சுலபம். தெரியாவிட்டால் இரண்டு வருடக் காலத்துக்கு ஒரு தேடல் என்று கணக்கிட்டுக் கட்டணம் எடுப்பார்கள். தோட்டத்து வயதுகள் பெரும்பாலும் உத்தேசம் என்பதால் 1926 ஒன்றை மட்டும் கேட்டுவிட்டுத் திரும்பாதீர்கள். 1925, 1926 முதலில். கிடைக்காவிட்டால் 1923, 1924. பிறகு 1927, 1928.

இடக்குழப்பம் ஒன்று உங்கள் பக்கம் நிச்சயம் வரும். நுவரெலியா மாவட்டத்தில் முன்பு ஐந்து பிரதேச செயலகப் பிரிவுகள்தான் இருந்தன. பிறகு அம்பகமுவவிலிருந்து நோர்வூட் பிரிந்தது, நுவரெலியாவிலிருந்து தலவாக்கலை பிரிந்தது. பிரிவு புதியது என்றாலும் 1926ஆம் ஆண்டுப் புத்தகம் பழையது, அது எந்த ராக்கையில் இருக்கிறது என்பது தனிக் கேள்வி. புதிய செயலகத்தில் ‘இல்லை’ என்றால் ‘இங்கே இல்லை’ என்று மட்டும் எடுத்துக்கொண்டு பழைய செயலகத்திலும் கேளுங்கள். புத்தகம் செல்லரித்துப் பக்கம் கிழிந்திருந்தால், பத்தரமுல்லையில் உள்ள பதிவாளர் நாயகம் திணைக்களத்துக்கு எழுதி இரண்டாம் பிரதியில் தேடச் சொல்லலாம்.

விண்ணப்பத்தில் பெயரை ஒரே எழுத்துக்கூட்டலில் எழுதுவதால்தான் பாதிப் பேருக்கு ‘பதிவு இல்லை’ என்ற பதில் வருகிறது. தாத்தாவின் பெயர் பழனியாண்டி என்று வைத்துக்கொள்வோம். ஆங்கிலத்தில் எழுதிய கிளாக்கரின் கையில் அது பலனியாண்டி, பளனாண்டி, பழனி என்றெல்லாம் மாறும். சிங்களத்தில் ழகரம் இல்லை, அங்கே லகரமோ ளகரமோ வரும். இராமசாமி செக்ரோலில் ராமன் ஆகியிருப்பார். தகப்பன் பெயரையும் தாயின் பெயரையும் இதேபோல் இரண்டு மூன்று விதமாக எழுதி, தோட்டப் பெயரோடு ஒரு தனித்தாளில் இணையுங்கள். தேடும் அலுவலருக்கு விரலை ஓட்ட அது உதவும். தாத்தா அகப்படாவிட்டால் அவருடைய தம்பி, அக்கா, தங்கச்சி எவருடைய பதிவாவது கிடைக்கிறதா என்று பாருங்கள். பெற்றோரின் பெயர் எல்லாவற்றிலும் ஒன்றுதான்.

பதிவேட்டுப் பக்கத்தின் நிழற்பிரதி கிடைக்குமா என்று கேட்டு வாங்குங்கள். புதிதாகத் தட்டச்சிட்ட பிரதி போதாது. அதில் பழைய எழுத்துக்கூட்டலும் ஓரக் குறிப்புகளும் போய்விடும். அதேபோல், குடும்பத்தில் யாரிடமாவது உத்தேச வயதுச் சான்றிதழ் இருந்தால் அதிலுள்ள ஆண்டை வைத்துத் தேடாதீர்கள். பிறப்புப் பதிவு அகப்படாதபோது மதிப்பிட்டுக் கொடுத்த வயது அது. பூட்டன் இங்கேதான் காலமானார் என்றால் அவருடைய மரணப் பதிவையும் கேளுங்கள். அதில் அவருடைய பெற்றோரின் பெயர் இருந்தால் இன்னொரு தலைமுறை கிடைத்துவிடும். வயதை மட்டும் நம்ப வேண்டாம்.

இனி முக்கியமான இடம். தாத்தாவின் பிரஜாவுரிமைச் சான்றிதழில் எந்தச் சட்டத்தின் கீழ் வழங்கப்பட்டது என்று அச்சிட்டிருக்கும். 1949ஆம் ஆண்டின் 3ஆம் இலக்க இந்திய, பாகிஸ்தானிய வதிவோர் சட்டமாக இருந்தால் உங்களுக்கு அதிர்ஷ்டம். அந்தச் சட்டத்தின் கீழ் 1951 ஆகஸ்ட் 5 வரை விண்ணப்பங்கள் ஏற்கப்பட்டன. ஏறக்குறைய 2,37,000 விண்ணப்பங்கள், அவற்றில் அடங்கியவர்கள் 8 லட்சத்துக்கும் மேல். பிரஜாவுரிமை கிடைத்தது சுமார் 1,34,000 பேருக்கு மட்டும். கலியாணமானவர் 1939 ஜனவரி 1 முதலும், கலியாணமாகாதவர் 1936 ஜனவரி 1 முதலும் இங்கே தொடர்ந்து வசித்ததை நிரூபிக்க வேண்டும். ஒரே தடவையில் 12 மாதத்துக்கு மேல் வெளியே இருந்தால் தொடர்ச்சி அறுந்தது என்று தள்ளிவிடலாம்.

இந்த நிபந்தனைகளை அந்தக் கோப்பின் உள்ளே வைத்து யோசித்துப் பாருங்கள். எந்த ஆண்டு எந்தத் தோட்டம் என்று வரிசையாகச் சொல்லியிருக்க வேண்டும். மனைவி, வயது வராத பிள்ளைகளின் பெயர் சொல்லியிருக்க வேண்டும். தங்கச்சி கலியாணத்துக்கோ குலதெய்வத்துக்குக் கிடா வெட்டவோ அக்கரைக்கு, அதாவது இந்தியாவுக்கு, போய் வந்திருந்தால், எப்போது போனார், எப்போது திரும்பினார் என்று விசாரணையில் கேட்டிருப்பார்கள். எந்த ஊருக்குப் போனார் என்பது எழுதப்படக்கூடிய இடம் அது. உங்கள் பூட்டன் 1949இல் உயிரோடு இருந்திருந்தால் அவரும் தனியாக விண்ணப்பித்திருக்கலாம். தாத்தாவின் தம்பியின் விண்ணப்பத்தை விட்டுவிடாதீர்கள். மறுக்கப்பட்ட விண்ணப்பம் என்றால் விசாரணை, மறுப்புக் கடிதம், மேன்முறையீடு என்று கோப்பு தடித்திருக்க வாய்ப்பு அதிகம்.

பிரஜாவுரிமை தொடர்பான பொறுப்பு இப்போது பத்தரமுல்லையில் உள்ள குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்தின் குடியுரிமைப் பிரிவிடம் இருக்கிறது. கட்டுப்பாட்டாளர் நாயகத்துக்கு எழுதுங்கள். தமிழிலேயே எழுதலாம், அது உங்கள் உரிமை. சான்றிதழ் இலக்கம், திகதி, அதில் உள்ளபடியே பெயர், தோட்டம் ஆகியவற்றைத் தெளிவாகக் குறிப்பிடுங்கள். தாத்தா, அப்பா, நீங்கள் என்ற உறவை நிரூபிக்கும் பிறப்புச் சான்றிதழ்களின் பிரதிகளை இணையுங்கள். இல்லாவிட்டால் ‘மூன்றாம் ஆளின் தனிப்பட்ட விபரம்’ என்று மறுக்க இடமுண்டு. ‘விபரம் தேவை’ என்று பொதுவாகக் கேட்காமல், ‘விண்ணப்பப் படிவத்தினதும் இணைப்புகளினதும் விசாரணைக் குறிப்பினதும் பிரதிகள்’ என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். பதிவுத் தபாலில் அனுப்பிப் பற்றுச்சீட்டை வைத்திருங்கள். பதில் வராவிட்டால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் அதே கேள்வியைத் தகவல் அலுவலருக்கு அனுப்புங்கள். 14 வேலை நாட்களுக்குள் அவர் தீர்மானம் சொல்ல வேண்டும். கோப்பு அழிக்கப்பட்டிருந்தால் அதையும் எழுத்தில் தரச் சொல்லுங்கள். பின்னர் வேறு இடத்தில் தேடும்போது அந்தக் கடிதம் பயன்படும்.

சான்றிதழ் 1967ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ், அதாவது நம்மவர்களில் யார் இந்தியா போவது, யார் இங்கே இருப்பது என்று இரண்டு நாடுகளும் 1964இல் செய்துகொண்ட சிறிமா சாஸ்திரி ஒப்பந்தத்தை நடைமுறைப்படுத்திய சட்டத்தின் கீழ் வந்தது என்றாலும் இதே பிரிவுதான். 1988ஆம் ஆண்டின் 39ஆம் இலக்கச் சட்டத்தின் கீழோ 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்தின் கீழோ கிடைத்தது என்றால் பழைய விபரம் அதிகம் எதிர்பார்க்க முடியாது. அவை விசாரணையைச் சுருக்கிய சட்டங்கள்.

பத்தரமுல்லைப் பதிலுக்குக் காத்திருக்கும் மாதங்களில் கோத்தகிரிக்குப் பேசுங்கள். 1964 ஒப்பந்தத்தின் கீழ் போனவர்கள் இந்தியப் பாஸ்போட்டோடும் குடும்ப அட்டையோடும் போனார்கள். உறவினர் அழுது வழியனுப்பிய ரயிலான ஒப்பாரிக் கோச்சியில் ஏறியவர்களின் கையில் இருந்த முக்கியமான தாள் அந்தக் குடும்ப அட்டை. மண்டபம் முகாமில் இறங்கியதும், தேயிலைத் தோட்ட வேலை, கடன், வீடு என்று எந்த உதவி கேட்டாலும் அதைத்தான் காட்ட வேண்டியிருந்தது. அதனால் பெரும்பாலான வீடுகளில் இன்றும் பத்திரமாக வைத்திருப்பார்கள். ஒவ்வொரு பக்கத்தையும், வெறும் பக்கத்தையும்கூட, பகல் வெளிச்சத்தில் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். பாஸ்போட்டில் ‘இந்தியாவில் நிரந்தர முகவரி’ போன்ற ஓரிடத்தில் ஊர்ப்பெயர் கிடக்கக்கூடும். அண்ணன் தம்பி இருவரும் ஒரே தகப்பனின் பிள்ளைகள், ஆகவே அவருடைய ஊர்தான் உங்கள் பூட்டனின் ஊர். சிலோனிலேயே பிறந்த சின்னத் தாத்தா, தான் பார்த்தேயிராத ஊரைச் சொந்த ஊர் என்று எழுதியிருந்தால், அதைச் சொல்லிக்கொடுத்தது பூட்டனாகத்தான் இருக்க வேண்டும்.

தோட்டத்து ஆபிஸில் பழைய செக்ரோல் கிடைப்பது கடினம். 1972, 1975 காணிச் சீர்திருத்தச் சட்டங்களால் தோட்டங்கள் அரசுடைமையாகின, 1992இல் கம்பனிகளின் கைக்குப் போயின. ஒவ்வொரு கைமாற்றத்திலும் பழைய ஏடுகள் கழிக்கப்பட்டன. இருந்தாலும் பெரிய கிளாக்கரிடம் ஒரு தடவை கேளுங்கள். தோட்டப் பாடசாலையின் சேர்வு இடாப்பில், அதாவது மாணவர் சேர்க்கைப் பதிவேட்டில், எனக்கு இதைவிட நம்பிக்கை அதிகம். பிள்ளையின் பெயர், பிறந்த திகதி, தகப்பன் பெயர், டிவிசன், முன்பு படித்த பாடசாலை எல்லாம் ஒரே வரியில் இருக்கும். குடும்பம் எந்தத் தோட்டத்திலிருந்து வந்தது என்பதை அந்தக் கடைசிக் கூடு காட்டும். நீங்கள் ஆசிரியை என்பதால் அதிபரிடம் முறையாக அனுமதி கேட்பதும் சுலபம்.

சுவடிகள் கூடத்துக்கு இப்போது வருவோம். கொழும்பு 7, பிலிப் குணவர்தன மாவத்தையில் இருக்கிறது. ஆள்பெயர் தேடி அல்ல, தோட்டத்தின் கதையைத் தேடி அங்கே போங்கள். பேர்குசன் டைரக்டரியின் பழைய பதிப்புகளில் தோட்டங்களின் பெயர், ஏக்கர், உரிமையாளர், துரை யார் என்பவை ஆண்டுவாரியாக இருக்கின்றன. இரண்டு தோட்டம் ஒன்றானதா, டிவிசன் கைமாறியதா என்பது அதில்தான் பிடிபடும். கச்சேரி (மாவட்டச் செயலக) ஆவணங்கள், நிர்வாக அறிக்கைகள், வர்த்தமானி, 1930இலிருந்து வீரகேசரி என்று மற்றவை. அடையாள அட்டை, பென்சில், எந்த ஆண்டு எந்தத் தோட்டம் என்று எழுதிய துண்டு ஆகியவற்றோடு போங்கள். திறந்திருக்கும் நாளை முன்கூட்டியே தொலைபேசியில் கேட்டுக்கொள்ளுங்கள். குடிசன மதிப்பு அறிக்கைகளைப் புரட்டி நேரத்தை விடாதீர்கள். 1911இல் ‘இந்தியத் தமிழர்’ என்று தனியாக எண்ணத் தொடங்கினார்கள், ஆனால் அந்த அறிக்கைகளில் தலைக்கணக்குதான் உண்டு, பெயர் கிடையாது.

வாக்காளர் இடாப்பைப் பற்றியும் ஒரு எச்சரிக்கை. 1931இல் சர்வசன வாக்குரிமை வந்தது. 1948, 1949 சட்டங்களால் நம்மவர்களில் பெரும்பாலோரின் பெயர் அடுத்த இடாப்புகளிலிருந்து போய்விட்டது. ஆகவே 1947க்கு முந்திய இடாப்பில் பூட்டன் பெயர் கிடைத்தால் அது நல்ல சான்று. 1952இல் இல்லை என்பதை வைத்து அவர் இறந்துவிட்டார், ஊர் போய்விட்டார் என்று எழுதிவிடாதீர்கள்.

ஊர்ப்பெயர் கிடைத்த பிறகும் ஒரு வேலை மீதம் இருக்கும். ‘புதுப்பட்டி, திருச்சி ஜில்லா’ என்று கிடைத்தால், புதுப்பட்டிகள் எத்தனையோ. தாலுகா இல்லாமல் அசைய முடியாது. அக்காலத்துத் திருச்சி ஜில்லா இன்றைய கரூர், பெரம்பலூர், அரியலூர் பகுதிகளையும் சேர்த்தது. புதுக்கோட்டை 1948 வரை தனிச் சமஸ்தானம். இங்கே ‘திருச்சி’ என்று சொன்ன பலருடைய ஊர் இன்று வேறு மாவட்டத்தில் இருப்பது இதனால்தான். எந்தப் புதுப்பட்டி என்று முடிவுசெய்ய அப்பாயியின் வாய்மொழி வேண்டும். குலதெய்வத்தின் முழுப்பெயர், அது ஆற்றங்கரையா மலையடிவாரமா, பெண் எடுத்த ஊர், சந்தைக்குப் போன ஊர், கங்காணி எந்த ஊர்க்காரர். ‘உங்கள் ஊர் எது’ என்று நேரடியாகக் கேட்டால் ‘தெரியாது’ என்றுதான் வரும். ‘கிடா வெட்ட எந்தச் சாமிக்கு நேர்ந்தார்கள்’ என்று கேட்டால் பேச்சு வரும். ஒலிப்பதிவு செய்துகொள்ளுங்கள், இடையில் திருத்த வேண்டாம். கங்காணி பெரும்பாலும் சொந்தக்காரர்களையும் சுற்றுப்பட்டிகளையும்தான் திரட்டினார் என்பதால், அதே லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், இருந்த மற்றக் குடும்பங்களின் ஊரையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

கடைசியாக அந்தத் தகரத் துண்டு. அதை டின் டிக்கட் என்பார்கள். 1900களின் தொடக்கத்தில் வந்த முறை. தோட்டத்துக்கு அரசாங்கம் கொடுத்த இலக்கமும் ஆளுக்குரிய வரிசை இலக்கமும் அதில் குத்தப்பட்டிருக்கும். கயிற்றில் கோத்துக் கழுத்தில் போட்டு அனுப்பினால், வழிச்செலவு அந்தத் தோட்டத்தின் கணக்கில் ஏறும். ஆகவே அது ஊரைச் சொல்லாது, எந்தத் தோட்டத்துக்காகக் கொண்டுவரப்பட்டார் என்பதைச் சொல்லும். பூட்டனின் முதல் தோட்டம் அதுவாக இருந்தால், தேடலின் திசையே மாறலாம். இரண்டு பக்கத்தையும், வெளிச்சத்தைப் பக்கவாட்டில் விட்டுப் படம் எடுங்கள், தேய்ந்த எண் நிழலில் தெரியும். புளி போட்டுத் தேய்க்காதீர்கள், எண் இன்னும் போய்விடும். மெல்லிய பருத்தித் துணியில் சுற்றி வையுங்கள். பிரஜாவுரிமைச் சான்றிதழை லேமினேட் பண்ணக் கொடுக்காதீர்கள். சூட்டில் மை மங்கும், பிறகு தாளைப் பிரிக்கவே முடியாது. கிழிந்த இடத்தில் செலோடேப்பும் வேண்டாம். மடிப்பை விரித்து, வெள்ளைத் தாள் உறையில் வைத்து, அடுப்புப் புகையும் சுவரின் ஈரமும் படாத இடத்தில் படுக்கையாக வையுங்கள்.